கூம்புமலை காணாமல் போன கதை

மொட்டப்பாளையத்துக்காரர்கள் மூளையைச் செலவழிக்காமல் பத்திரமாக வைத்திருப்பவர்கள். அந்த ஊர் ஆறுக்குட்டியின் கல்யாணம் கூம்புமலை உச்சியில் போய் மாட்டிக்கொண்டது. பெண்ணைப் பெற்ற சென்னியப்பன் கறாராகச் சொல்லிவிட்டார். வாசலில் நின்றால் தெரிகிறதே, அந்த மலை உச்சியில் கற்பூரம் ஏற்றினால்தான் சரசாத்தாளைத் தருவாராம். வேறு எங்கே ஏற்றினாலும் செல்லாதாம். முகூர்த்தமோ திங்கட்கிழமை. ஆறுக்குட்டிக்குச் சரசாத்தாள் என்றால் உயிர்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டாளி நாச்சிமுத்துவோடு கிளம்பினான். மலைப்பாதையில் சந்தைக்கூட்டம். நாலு மணி நேரம் மூச்சு வாங்க ஏறி, இனி ஏற இடமில்லை என்றானதும் நின்றார்கள். ஆறுக்குட்டி சுற்றிலும் பார்த்தான்.

ஊர் தெரிந்தது, ஏரி தெரிந்தது, மாமனார் வீட்டு ஓடுகூடத் தெரிந்தது. கூம்புமலையை மட்டும் காணோம்.

“வழி தப்பிட்டமாட்டத் தெரியுது,” என்றான் நாச்சிமுத்து.

அங்கே சுக்குக்காப்பி விற்றுக்கொண்டிருந்தவர், நீங்கள் நிற்பதுதான் மலை என்றார். நாச்சிமுத்து குனிந்து தட்டிப் பார்த்தான்.

“இது பாறைங்க. எங்க மலை நீலமா இருக்கும்,” என்று பணிவாகச் சொன்னான். காப்பிக்காரர் தூக்கை எடுத்துக்கொண்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார்.

கண்ட இடத்தில் கற்பூரம் ஏற்றிப் பெண்ணைக் கட்ட ஆறுக்குட்டிக்கு மனசு வரவில்லை. போன் போட்டான்.

“மாமா, மலை அங்க இருக்குதுங்களா?”

சென்னியப்பன் வாசலுக்கு வந்து பார்த்தார். “இங்கதான் இருக்குது. நீங்கதான் அதும்மேல இல்ல.”

ஆறுக்குட்டி அழுதேவிட்டான். மலையைக் கண்டுபிடிக்காமல் இறங்குவதில்லை என்று அங்கேயே உட்கார்ந்துகொண்டான்.

சென்னியப்பனுக்கு மனசு கேட்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று தாலியை மடியில் கட்டிக்கொண்டு, மறுநாள் காலையில் மகளோடும் சொந்தபந்தத்தோடும் தானே ஏறி வந்தார். நெற்றியில் கைவைத்து நாலாபக்கமும் தேடினார்.

“நெசந்தான். இல்லாத மலைமேல ஏறச் சொன்னது என் தப்பு, மாப்ளே,” என்று அங்கேயே தாலியை எடுத்துக் கொடுத்தார். சரசாத்தாள் சிரித்துக்கொண்டே கழுத்தை நீட்டினாள்.

பொழுது சாய எல்லாரும் ஊர் திரும்பினார்கள். வீட்டுவாசலில் கால் வைத்த சென்னியப்பன் திரும்பிப் பார்த்தார். கூம்புமலை நீலமாக நின்றுகொண்டிருந்தது.

“பாத்தீங்களா மாப்ளே,” என்று பல்லைக் கடித்தார். “நாம அந்தப்பக்கம் போன நேரம் பாத்து வந்து நிக்குது. கற்பூரம் பைலதான இருக்குது? மறுபடியும் அது போறதுக்குள்ள ஓடிப்போய் ஏத்திட்டு வந்துருங்க.”