கொப்பரைக்கு வந்த நடுக்கம்

தலையணையைச் சரியா வச்சுக்கோ. அத்தை சொல்லச் சொல்ல நீ ம் கொட்டணும். ம் நின்னா கதையும் நின்னுடும்.

ஒரு ஊர்ல ஒரு தேங்காய் மண்டி இருந்துச்சு. கூரை முட்டத் தேங்காய் குமிச்சுக் கிடக்கும். மட்டை உரிக்கிற சத்தம் சரக் சரக்னு, லாரில ஏத்துற சத்தம் தடக் தடக்னு கேட்டுட்டே இருக்கும். அந்த மண்டிக்காரம்மா பேரு நாச்சாயி. அவங்க ஒரு பழுப்பு நாய் வளர்த்தாங்க. அதுக்குப் பேரு கொப்பரை.

"ம்."

அந்தக் கொப்பரை ஒரு நாள் சாக்குக் கட்டுக்குப் பின்னாடி போய் அஞ்சு குட்டி போட்டுச்சு. கண்ணே திறக்காது, ஆனா மூக்கால மோந்து மோந்து அம்மா மடிக்குப் போயிடுங்க. சப்பு சப்புனு ஒரே குடி. குடிச்சுக் குடிச்சு அஞ்சும் கொழுக்கட்டை மாதிரி உருண்டு போச்சு, கண்ணும் திறந்துடுச்சு. அம்மா மட்டும் இளைச்சுட்டே போச்சு. நாச்சாயி சோறு வச்சாங்க, முட்டை வச்சாங்க. அதெல்லாம் பத்தவே இல்ல.

அப்புறம் ஒரு நாள் காலைல, குட்டிங்க கீ கீன்னு கத்துது, கொப்பரை திரும்பிக்கூடப் பாக்கல. மண்டிக்குள்ள அங்கயும் இங்கயும் நடக்குது, ஹா ஹா ஹான்னு மூச்சு வாங்குது. அப்புறம் ஒரு குட்டியை வாயில கவ்விட்டு எங்கயோ போச்சு. நாச்சாயி அதைப் பாத்தாங்க, திரும்பக் கொண்டாந்து விட்டுடும்னு நினைச்சுட்டாங்க. அப்புறம் அவங்க கஞ்சிக் கிண்ணத்தோட கிட்டப் போனாங்க. அப்போ கொப்பரை என்ன பண்ணுச்சு? உர்ர்ர்னு உறுமுச்சு.

"கடிச்சிருச்சா?"

கடிக்கல. உறுமிட்டு நாலடி வச்சுச்சு, காலு கட்டை மாதிரி விறைச்சுப் போச்சு, தொப்புனு விழுந்துடுச்சு. உடம்பெல்லாம் வெடவெடன்னு நடுங்குது. வாயில எச்சி ஒழுகுது.

அங்க மூட்டை தூக்குற மருதாசலம்னு ஒருத்தர், பெரிய மீசை. அவரு ஒரு கம்பை எடுத்துட்டு ஓடி வந்தாரு.

"வெறி பிடிச்சிருச்சுங்கக்கா, தள்ளிப் போங்க."

"குட்டி போட்ட உடம்பு மருதாசலம். என்னன்னு பாக்காம கம்பை ஓங்காத."

"நம்மளக் கடிச்சு வச்சா?"

"அந்தச் சாக்கை எடு. சுத்தித் தூக்கலாம். நீ வண்டி எடு, டாக்டர்கிட்டப் போறோம்."

மருதாசலத்துக்குப் பயம்தான். நாச்சாயிக்கும் பயம்தான். ஆனாலும் தடிச்ச சாக்கை நாலா மடிச்சு, கொப்பரையை வாயோட சேத்துச் சுத்தி, தூக்கி லோடு ஆட்டோல வச்சாங்க. டுபுடுபுடுபுன்னு போச்சு வண்டி.

மாட்டாஸ்பத்திரில ஒரு டாக்டரம்மா இருந்தாங்க. "தடுப்பூசி போட்டிருக்கா?"ன்னு கேட்டாங்க. "வருசா வருசம் போட்டுடறேனுங்க"ன்னாங்க நாச்சாயி. அப்புறம் டாக்டரம்மா கொப்பரையைத் தொட்டுப் பாத்தாங்க. அடுப்பு மாதிரி சுடுது.

"இது வெறி இல்லம்மா. அஞ்சு குட்டிக்கும் பால் குடுத்துக் குடுத்து, இதோட ரத்தத்துல இருந்த சுண்ணாம்புச் சத்து இறங்கிப் போச்சு. இன்னும் கொஞ்சம் தாமதம் ஆயிருந்தா பிழைச்சிருக்காது."

அப்புறம் ஊசி போட்டாங்க. சட்டுனு போடல. நெஞ்சுத் துடிப்பைக் கேட்டுக் கேட்டு, மெதுவா, மெதுவா. நடுக்கம் வெடவெடன்னு இருந்தது, வெட... வெட... ஆச்சு. அப்புறம் நின்னே போச்சு. கொப்பரை கண்ணைத் திறந்து நாச்சாயி கையை ஒரு நக்கு நக்குச்சு. நாச்சாயி அப்பதான் அழுதாங்க. மருதாசலம் சுவத்துல ஒட்டியிருந்த மாட்டுப் படத்தையே பாத்துட்டு நின்னாரு.

"ம்..."

"நாளைக்கு வரைக்கும் குட்டிங்கள இது மடில விடாதீங்க. பால்பொடி தரேன், கரைச்சுப் புகட்டுங்க"ன்னு சொல்லி அனுப்புனாங்க டாக்டரம்மா.

மண்டிக்கு வந்து பாத்தா, சாக்குக் கட்டுக்குப் பின்னாடி நாலு குட்டிதான் இருக்கு. காலைல கவ்விட்டுப் போனதைக் காணோம். சாக்குக்கு அடியில பாத்தாங்க, இல்ல. மட்டைக் குவியல்ல பாத்தாங்க, இல்ல. லாரிக்கு அடியில பாத்தாங்க, அங்கயும் இல்ல.

"எல்லாரும் கொஞ்சம் சும்மா இருங்க"ன்னாங்க நாச்சாயி. சரக் சரக் நின்னுச்சு. தடக் தடக் நின்னுச்சு. மண்டியே கம்முனு ஆச்சு. அப்போ, எங்கயோ ஆழத்துல... கீ.

தேங்காய்க் குவியலுக்குள்ள.

கீழ இருந்து ஒரு காயை உருவுனாக்கூட மொத்தமும் குட்டி மேல சரிஞ்சிடும். அதனால மருதாசலம் மேல ஏறுனாரு. உச்சில இருந்து ஒண்ணொண்ணா எடுத்துக் குடுக்க, கீழ கை மாத்தி கை மாத்தி வாங்குனாங்க. வெளிய நின்ன லாரி டிரைவரும் வந்து வரிசைல நின்னாரு. அடியில ஒரு சந்து, கொப்பரை போன வழியைக் காய் சரிஞ்சு மூடியிருந்துச்சு. அதுல சுருண்டு கிடந்துச்சு அந்தக் குட்டி, உடம்பு சில்லுனு. மருதாசலம் அதை எடுத்தாரு. சட்டைக்குள்ள விட்டு நெஞ்சோட அணைச்சுக்கிட்டாரு. ரொம்ப நேரம் அப்படியே உக்காந்திருந்தாரு. குட்டி சூடாகி, நெளிஞ்சு, அவரு மீசையைச் சப்ப ஆரம்பிச்சுச்சு.

"பசிக்குது போல"ன்னு அவரே பால் கரைச்சாரு. குட்டியைக் குப்புற வச்சு, சொட்டுச் சொட்டாப் புகட்டுனாரு. குட்டி 'ஹிச்'னு ஒரு தும்மல். மீசையெல்லாம் பாலு. எல்லாரும் சிரிச்சாங்க, அவரும் சிரிச்சாரு.

மறுநாள் டாக்டரம்மா பாத்துட்டு, "கொஞ்சம் கொஞ்சமா விடுங்க, பொடிப்பாலும் சேத்துக் குடுங்க"ன்னாங்க. கொப்பரை ஒவ்வொரு குட்டியா மோந்து பாத்துச்சு. அஞ்சும் இருந்துச்சு. மெதுவா சாஞ்சு படுத்துக்கிச்சு. சப்பு சப்புனு சத்தம் கேட்டுச்சு.

அப்போ மருதாசலம் தலையைச் சொறிஞ்சுட்டே வந்தாரு. "அக்கா, பால்குடி மறந்ததும் அந்தக் குட்டியை எனக்குத் தருவீங்களா?"

"என்னைய ஏன் கேக்கற? அதோட ஆத்தாளைக் கேளு."

மருதாசலம் கொஞ்சம் தள்ளிக் குத்த வச்சு, கையை நீட்டுனாரு. கொப்பரை தலையைத் தூக்குச்சு. கையை மோந்துச்சு. ரொம்ப நேரம் மோந்துச்சு. அப்புறம் உறுமாம, எந்திரிக்காம, தாடையை அவரு உள்ளங்கைல வச்சுத் தூங்கிப் போச்சு. கையை எடுத்தா முழிச்சுக்கும்னு அவரு அசையாம உக்காந்திருந்தாரு.

ம்?

...சரி. கதையும் சுருண்டு படுத்துக்கிச்சு. நீ தூங்கு கண்ணு.