மயூரா வண்டி நின்னுரும்

மில் முதலாளி சென்னியப்பன் மயூரா கம்பெனி காரைத் தவிர வேறு கார் வாங்கியதே கிடையாது. அந்தக் கார்தான் பிரேக் பிடிக்காமல், கேட்டில் சல்யூட் அடித்து நின்ற வாட்ச்மேன் ரங்கனை ஏற்றிக் கொன்றது.

"எங்கப்பா காலத்துல இருந்து மயூராதான். அதுல பிரேக் போகவே போகாது. நீதான் மிதிக்கலைன்னு போலீஸ்ல ஒத்துக்கோ. இல்லைன்னா குடும்பத்தோட குவார்ட்டர்ஸைக் காலி பண்ணு" என்றார் டிரைவர் ஆறுச்சாமியிடம்.

"ஒத்துக்கறனுங்க. அதுக்கு முன்னால வண்டிக்குத் திருஷ்டி கழிச்சிரலாம். பூசணிக்காயை உங்க கையாலயே உடைங்க முதலாளி."

மில் ஆட்கள் எல்லாரும் கூடினார்கள். ஆறுச்சாமி காரை மேட்டில் நிறுத்தினான். சரிவுக்குக் கீழே பூசணிக்காயோடு முதலாளி நின்றார்.

"நகராதீங்க முதலாளி. உங்க கிட்டக்க வந்து பிரேக் மிதிக்கறேன். மயூராதானுங்களே, நின்னுரும்!" என்று கத்திவிட்டு இன்ஜினைக் கிளப்பினான்.

வண்டி இன்னும் அசையக்கூட இல்லை. முதலாளி பூசணிக்காயைப் போட்டுவிட்டு ஓடிப்போய் கேட் தூணுக்குப் பின்னால் நின்றார்.

கூட்டத்தில் இருந்து ரங்கனின் மனைவி பொன்னாத்தா முன்னால் வந்தாள்.

"அவரு ஓடலைங்க. உங்க வண்டியை நம்பிட்டாரு."