செவலைக்கு ஒரு கூட்டாளி

ரொம்பக் காலத்துக்கு முன்னால் நெல்லூற்று நாட்டை மகுடவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. அவன் மனசு மாறாமல் நேசித்த ஒரே ஜீவன் செவலை என்கிற நாய்க்குட்டி. சிம்மாசனத்தின் கீழே, ராஜாவின் காலடியில், அதற்கென்று ஒரு பட்டு மெத்தையே இருந்தது.

அந்த வருஷம் மலைநாட்டுத் தலைவன் ஒரு கறுப்புப் பெட்டைக் குட்டியைப் பரிசாக அனுப்பினான். இன்னொரு குட்டியைச் சேர்ப்பதா வேண்டாமா என்று ராஜா மூன்று நாள் சாப்பாடு இறங்காமல் யோசித்தான். "பாவம், செவலை மனசு ஒடிந்துபோகுமோ?" என்று மந்திரி கூத்தபிரானிடம் கேட்டான்.

"தனியாக வளர்கிற குட்டி, மன்னா. துணை கிடைத்தால் நல்லது. சேர்க்கலாம்" என்றார் மந்திரி.

அந்த அரண்மனையில் ஒரு வழக்கம். புதிதாக யார் வந்தாலும் சரி, தூதனோ யானையோ, சிம்மாசனத்தின் முன்னால் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். கறுப்புக் குட்டியையும் அப்படியே நிறுத்தினார்கள். மெத்தையில் படுத்திருந்த செவலை பாய்ந்து அதன் காதைக் கடித்தது. ரத்தம் சொட்டியது.

இதற்காகவே காத்திருந்தவர்போல எழுந்தார் தில்லைவிடங்கர். ராஜாவுக்கு உடையும் நகையும் எடுத்துக் கொடுக்கும் பெரிய உத்தியோகம் அவருக்கு. ஏழு வருஷமாக மந்திரியின் ஆசனத்தின்மேல் அவருக்கு ஒரு கண்.

"மந்திரியாரின் யோசனையால் அவையிலே ரத்தம் சிந்திவிட்டது, மன்னா. நாளைச் சூரியன் மறைவதற்குள், அவை நடுவே, இரண்டும் ஒரே தட்டில் சாப்பிடட்டும். உறுமல் கேட்டால் மந்திரியாரே குட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் மலையில் திருப்பிக் கொடுக்கட்டும்."

மலைக்காரர்களிடம் பரிசைத் திருப்பிக் கொடுக்கப் போன எவனும் உயிரோடு இறங்கி வந்ததில்லை. ராஜாவுக்கும் அது தெரியும். ஆனால் அவன் செவலையின் வாயில் ஒட்டியிருந்த ரத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்படியே ஆகட்டும்" என்று சொல்லிவிட்டான்.

மறுநாள் பகல் முழுக்கக் கூத்தபிரான் ஒரு தூண் ஓரமாக உட்கார்ந்து இரண்டு குட்டிகளையும் பார்த்துக்கொண்டே இருந்தார். ராஜா குளிக்கப் போனான். கறுப்பி மெல்ல வந்து செவலைக்கு ஒரு முழம் தள்ளிப் படுத்தது. செவலை ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி தூங்கிப்போனது. ராஜா திரும்பி வந்து சிம்மாசனத்தில் உட்கார்ந்தான். அவ்வளவுதான், செவலையின் முதுகு சிலிர்த்தது, பல் வெளியே வந்தது.

மந்திரிக்கு விஷயம் விளங்கிவிட்டது. தட்டை எங்கே நகர்த்தினாலும் பயன் இல்லை. நகர வேண்டியது ராஜா. அதை எந்த வாயால் சொல்வது?

சாயங்காலம் அவை கூடியது. பால்சோற்றுத் தட்டை விடங்கரே ஏந்தி நின்றார். வேறு யார் தொட்டாலும் மந்திரி அதில் மருந்து கலந்துவிடுவாராம்.

"மன்னா, தாங்கள் சிம்மாசனத்தை விட்டு இறங்க வேண்டும்" என்றார் கூத்தபிரான்.

ராஜாவின் கை வாளுக்குப் போனது. "என்ன சொன்னீர்?"

"கேட்டீர்களா மன்னா, இதற்குப் பெயர்தான் துரோகம்" என்றார் விடங்கர்.

"வெண்குடை எங்கே நிற்கிறதோ அங்கேதான் அவை, மன்னா. போர்க்காலத்தில் தாங்கள் புளியமரத்தடியில் நியாயம் சொல்லவில்லையா? இன்றைக்குக் குடை மலைக்குப் போகிற வழியிலுள்ள ஏரிக்கரையில் நிற்கட்டும். ஆனால் நடந்தே போக வேண்டும். செவலையின் கயிறு தங்கள் கையில், கறுப்பியின் கயிறு என் கையில். தோற்றால் அப்படியே மலைக்குப் போய்விடுகிறேன். எனக்கும் பாதி வழி மிச்சம்."

ராஜா அவரை முறைத்துப் பார்த்தான். பிறகு என்ன தோன்றியதோ, வாளிலிருந்து கையை எடுத்துக்கொண்டு இறங்கி நடந்தான்.

கோட்டை வாசல்வரை செவலை திரும்பித் திரும்பி உறுமியது. "உறுமுகிறதே" என்றான் ராஜா. "தட்டை இன்னும் கீழே வைக்கவில்லை, மன்னா" என்றார் மந்திரி. களத்துமேடு வந்தபோது உறுமல் குறைந்தது. இரண்டு குட்டிகளும் ஒரே எலிவளையை மோந்து பார்த்தன. ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்தபோது இரண்டுக்கும் நாக்குத் தொங்கியது. சூரியன் தண்ணீரைத் தொட ஒரு முழம்தான் பாக்கி.

குடையை நட்டு ஆசனத்தைப் போட்டார்கள். "உட்கார வேண்டாம், மன்னா" என்றார் மந்திரி. ராஜாவுக்கே உத்தரவு போடுவது இது இரண்டாவது தடவை. ராஜா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

விடங்கர் தட்டைக் கீழே வைத்தார். செவலை ஓடிவந்து வாய் வைத்தது. கறுப்பி தயங்கித் தயங்கி வந்து, செவலையின் தாடைக்குக் கீழே மூக்கை நுழைத்தது. செவலை தலையை நிமிர்த்தியது. மந்திரி கண்ணை மூடிக்கொண்டார்.

ஓர் உறுமல் கேட்டது.

"முடிந்தது" என்று யாரோ முணுமுணுத்தார்கள். ராஜா குனிந்து பார்த்தான். இரண்டு வாய்களும் சோற்றுக்குள் இருந்தன, இரண்டு வால்களும் ஆடிக்கொண்டிருந்தன. உறுமல் மட்டும் நிற்கவில்லை. எல்லோரும் மெல்லத் திரும்பினார்கள். தட்டையே பார்த்தபடி, தன்னை மறந்து, தொண்டைக்குள் உறுமிக்கொண்டு நின்றவர் தில்லைவிடங்கர்.

"கூத்தபிரானே, இது என்ன?" என்றான் ராஜா.

"செவலை சோற்றுக்காகக் கடிக்கவில்லை, மன்னா. தங்கள் காலடி தனக்கு மட்டும்தான் என்று நினைத்தது. தாங்கள் உட்கார்ந்தால் அந்த இடம் வந்துவிடுகிறது. நடந்துகொண்டே இருந்தால் காவல் காக்க இடம் இல்லை. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு பகல் போதுமாக இருந்தது. சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் இதே உறுமலை ஏழு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்."

ராஜாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிந்ததும் வெட்கமும் வந்தது. "உம்மைச் சாக அனுப்பப் பார்த்தேனே" என்றான். கழுத்து முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டான். பிறகு விடங்கர் பக்கம் திரும்பினான்.

"உமக்கும் அதே மருந்துதான். நாளை முதல் நீங்கள் இருவரும் ஆளுக்கொரு குட்டியைப் பிடித்துக்கொண்டு தினமும் இந்த ஏரியைச் சுற்றி வாருங்கள். உறுமல் நிற்கும்வரை."

ஊரே கரையில் நின்று வேடிக்கை பார்த்தது. செவலைக்கு ஒரே வாரத்தில் உறுமல் நின்றுவிட்டது. ஏரி மூன்று தடவை நிரம்பி வற்றிய பிறகும் விடங்கர் நடந்துகொண்டேதான் இருந்தாராம்.