ஊர்ப்பானையை விட்டுப் போனவன்

கேளுங்கள், சொல்கிறேன். எந்த ராஜா காலம் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். கூவல்பட்டி என்று ஓர் ஊர். அங்கே சோலையப்பன் என்று ஒரு பெரிய சம்சாரி. களத்தில் நெல்லும் அதிகம், மனசில் வீம்பும் அதிகம்!

ஊரெல்லாம் தையில் பொங்கல் வைக்கும். கூவல்பட்டி மட்டும் அறுப்பு முடிந்து, குளம் வற்றி, பங்குனியில்தான் வைக்கும். ஏன் தெரியுமா? வீட்டுக்கு மூன்று கூடை வண்டல் அள்ளிக் கரையில் போட வேண்டும். அந்த மண்ணில்தான் அடுப்பு. வீட்டுக்கு ஒரு பிடி புது அரிசி, ஊருக்கே ஒரு பானை. யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. அவரவராக வருவார்கள்.

ஒரு வருஷம் சோலையப்பனுக்கு அமோக விளைச்சல். "என் அரிசிதான் பானையில் முதலில் விழணும்" என்று முன்னால் வந்து நின்றான்.

அவன் மனைவி பொன்னுருவியின் தம்பி காத்தமுத்து, சும்மாவே கேலிக்காரன். "மச்சான், உள்ளே விழுந்த பிறகு எது உங்க அரிசின்னு பானைக்குத் தெரியவா போகுது?" என்றான். ஊரே சிரித்துவிட்டது.

சோலையப்பன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான். அரிசியையும் எடுத்துக்கொண்டு போனான். தன் முற்றத்திலேயே தனிப்பானை வைத்தான்.

அடுத்த வருஷம் இன்னும் நாலு வீட்டில் தனிப்பானை. அதற்கடுத்த வருஷம் பாதி ஊரில். மூன்றாம் வருஷம் குளக்கரையில் ஈ காக்கை இல்லை. வண்டல் அள்ளுவார் யார்? குளம் மேடேறிப் போயிற்று.

சோலையப்பன் பானை பொங்கத்தான் செய்தது. "பொங்கலோ பொங்கல்!" என்று கத்தினான். பதில் குரல் ஒன்றும் வரவில்லை. காத்தமுத்துவின் அந்தப் பாழாய்ப்போன சிரிப்பை ஒரு தடவை கேட்டால் போதும் என்றிருந்தது. 'ஒரு எட்டு வந்து கூப்பிட்டால் குறைந்தா போவான்?' என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த வருஷம் நல்ல மழை. என்ன பிரயோஜனம்? மண் மூடிய குளத்தில் தண்ணீர் தங்க இடமேது? வந்த வெள்ளம் வந்த வேகத்தில் வழிந்து ஓடிற்று. பயிர் கருகியது. பிழைப்பு தேடிச் சிலர் கிளம்பினார்கள். காத்தமுத்துவும் பெண்டாட்டியோடும் மாடுகளோடும் மாமனார் ஊருக்குக் கிளம்பினான். சோலையப்பன் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தான். போகாதே என்று ஒரு வார்த்தை! ஐயோ, அந்த ஒரு வார்த்தை அவன் வாயில் வரவில்லையே!

பொன்னுருவி அழுதுகொண்டே சொன்னாள்: "ஊர்ல எல்லாருந்தான் தனிப்பானை வச்சாங்க. ஆனா முதல்ல வெளியே வந்தது நம்ம பானை."

ஒரு பங்குனி அப்படியே போயிற்று. அதற்கடுத்த பங்குனியில் சோலையப்பன் மண்வெட்டியும் கூடையுமாகத் தனியே குளத்தில் இறங்கினான். முதல் கூடை போட்டபோது ஊர் எட்டிப் பார்த்தது. இரண்டாவது கூடைக்குச் சிலர் சிரித்தார்கள். மூன்றாவது கூடையை அவனால் தூக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் இறங்கி வந்து ஒரு கை கொடுத்தார். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். சில நாளில் குளம் பள்ளமாயிற்று, கரையில் அடுப்பும் எழும்பிற்று.

"அடுப்பைப் பற்ற வைக்காதீங்க. காத்தமுத்து வீட்டு அரிசி வரலையே, நான் போய்க் கூப்பிடறேன்" என்றான் சோலையப்பன்.

"யாரையும் கூப்பிடுற வழக்கம் இல்லையே?" என்றார்கள் கரையில் நின்றவர்கள்.

"வழக்கத்தை ஒரு தடவை வீம்புக்கு மீறினேன். இன்னொரு தடவை ஆசைக்கு மீறிக்கிறேன்."

நடந்தே போனான். மாமனார் கொடுத்த நிலத்தில் காத்தமுத்து களை பிடுங்கிக்கொண்டிருந்தான். ஓடி வந்து மச்சானைக் கட்டிக்கொண்டான். இரண்டு பேரும் அழுதார்கள்.

"வந்துடு மாப்ளே. குளம் சரியாயிட்டுது."

"எப்படி மச்சான் வர? இங்கே வேர் விட்டாச்சு. மாமனாரும் படுத்த படுக்கை. ஒரு வருஷம் முந்தி வந்திருக்கக் கூடாதா?"

ஒரு பிடி அரிசியைத் துணியில் முடிந்து கொடுத்தான். சோலையப்பன் அதை நெஞ்சோடு அணைத்தபடி திரும்பி வந்து பானையில் போட்டான். பானை பொங்கிற்று. ஊர் ஒரே குரலாகக் கத்திற்று. அடுத்த மழைக்குக் குளமும் நிறைந்தது. ஆனால் சோலையப்பன், சாகும்வரை ஒவ்வொரு பங்குனியிலும், பானை பொங்கும் நேரத்தில் பாதையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஆகையால், நல்லவர்களே, ஊர் கூடி உழைத்து ஊர் கூடி உண்ணும் வழக்கத்தை ஒருவன் தன் பெருமைக்காக உடைத்தால், தூர்ந்த குளத்தைத் திரும்ப வெட்டிவிடலாம், போன மனிதரைத் திரும்பக் கொண்டுவர முடியாது.