கயிறு விட்ட பூரணம்

"கயிற்றை விடச் சொல்றதைத் தவிர வேற எது சொன்னாலும் செய்றேன் மாஸ்டர்."

இடுப்பளவு காயல் தண்ணீரில் நின்றுகொண்டு பூரணம் சொன்னாள். அவளுக்கு நாற்பது தாண்டியாயிற்று. மாஸ்டர் என்று கூப்பிடப்பட்ட பெனிட்டாவுக்கு அதில் பாதி வயசு இருந்தால் அதிகம். படகுக்குப் பின்னால் எழும் அலையில், பலகைமேல் நிற்கச் சொல்லிக்கொடுப்பது அவள் தொழில். முதலில் கயிற்றைப் பிடித்து எழ வேண்டும், அலை கிடைத்ததும் கயிற்றை விட்டுவிட வேண்டும், பிறகு அலையே தள்ளிக்கொண்டு போகும். அவ்வளவுதான் வித்தை.

பெனிட்டா பூரணத்தின் லைஃப் ஜாக்கெட் வாரை இழுத்துக் கட்டிவிட்டுப் படகில் ஏறி, ஓட்டுகிறவருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள்.

பூரணத்தின் கதை ஊருக்கே தெரியும். கயிறு இழுக்கும் போட்டியில் அவள்தான் கயிற்று நுனியில் நிற்கும் கடைசி ஆள். குதிகாலை ஊன்றிவிட்டால் யானை வந்தாலும் அசைக்க முடியாது. ஆனால் ஓர் இறுதிப் போட்டியில் உள்ளங்கை தீயாய் எரிந்து, கயிற்றை விட்டுவிட்டாள். மொத்த அணியும் எதிரணியின் காலடியில் போய் விழுந்தது.

அன்றைக்கு ஒட்டிய பெயர்தான் 'கயிறு விட்ட பூரணம்'. கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர்கள்கூட அப்படிச் சொல்லித்தான் வீடு விசாரிப்பார்கள். வயிறு எரியாதா மனுஷிக்கு?

படகே இழுத்தாலும் விடாதவள் என்று பெயரை மாற்றி வாங்கத்தான் இங்கே வந்திருந்தாள்.

மல்லாந்து மித, பாதத்தைப் பலகையில் வை, முழங்காலை மடக்கு, நீ இழுக்காதே, படகே தூக்கி நிறுத்தும் என்று பெனிட்டா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். பூரணமும் தலையாட்டினாள்.

தொட்டில் பழக்கம் சும்மா விடுமா? படகு கிளம்பியதும் குதிகாலை ஊன்றிப் பின்னால் சாய்ந்து கயிற்றைத் தன் பக்கம் இழுத்தாள். படகோடு இழுவைப் போட்டி! பலகை முங்கியது. அம்மணி குப்புற விழுந்து தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனாள். அப்போதும் கயிற்றை விடவில்லை. பாதிக் காயலைக் குடித்த பிறகுதான் படகு நின்றது.

பழைய அணித் தலைவி சகாயராணி கரையில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரிப்பது அங்கிருந்தே தெரிந்தது. பூரணத்துக்கு அழுகை வந்தது.

பெனிட்டா தண்ணீரில் குதித்து வந்தாள். பூரணத்தின் இறுகிய விரல்களைப் பிரித்து, தன் கையை அதற்குள் வைத்தாள்.

"சந்தையில பிள்ளை கையைப் பிடிச்சுட்டு நடப்பீங்கள்ல அக்கா, அப்படிப் பிடிங்க. கூடவே போங்க, போதும்."

இந்த முறை படகு கரைப் பக்கம் திரும்பிக் கிளம்பியது. பூரணம் இழுக்கவில்லை. தண்ணீர் அவளைத் தூக்கி நிறுத்தியது. அவளுக்கே நம்ப முடியவில்லை.

அலை பலகையைப் பின்னாலிருந்து தள்ளியது. படகுக்குப் பக்கத்தில் வந்துவிட்டாள். பெனிட்டா படகிலிருந்து கையை விரித்துக் காட்டினாள். விடு.

மாட்டேன் என்று தலையசைத்தாள் பூரணம். விழுவதற்கு அவள் பயப்படவில்லை. அந்தப் பெயருக்குத்தான் பயந்தாள். கயிற்று முனையிலிருந்த கைப்பிடியை இன்னும் இறுக்கிப் பிடித்து, தன் முஷ்டியை மட்டுமே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பெனிட்டா குனிந்து படகுக்குள் என்னவோ செய்தாள்.

ஒற்றைப் பனை பின்னால் போயிற்று. இறால் பண்ணை பின்னால் போயிற்று. கரையில் சகாயராணி எழுந்து நிற்பது தெரிந்தது.

"மாஸ்டர், கயிறு தொய்யுது. நல்லா இழுக்கச் சொல்லு."

பெனிட்டா கையை உயர்த்தினாள். படகில் கட்டியிருக்க வேண்டிய கயிற்று முனை அவள் விரலில் தொங்கிக்கொண்டிருந்தது.

"எப்பலேர்ந்து?"

"பனைமரத்துலேர்ந்து."

பூரணம் திரும்பிப் பார்த்தாள். பனைமரம் விரல் உயரத்துக்குச் சிறுத்துப் போயிருந்தது. குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். அவை பாட்டுக்குப் பலகைமேல் நின்றுகொண்டிருந்தன.

கைப்பிடியைச் சுழற்றி வீசினாள். அது படகுக்குள் போய் விழுந்தது.

காலியான இரண்டு கைகளையும் வாயருகே குவித்தாள்.

"அடியே சகாயம், நல்லாப் பாத்துக்கோ! கயிறு விட்ட பூரணம் வர்றா!"