கடாரத்து மருமகளும் உள்ளூர்ச் சட்டமும்

தாழைத்துறை என்று கடலோரத்தில் ஒரு ராஜ்யம். அதை ஆண்ட ராஜாவின் பெயர் உலகாபரணர். பெயர்தான் உலகத்துக்கே ஆபரணம். ராஜ்யம் என்னவோ, இந்தக் கோடியில் சேவல் கூவினால் அந்தக் கோடியில் விழித்துக்கொள்ளும் அளவுதான்.

அந்த ராஜாவின் பண்டகசாலையைக் கடலுக்கு அப்பால் கடாரத்தில் வெகுகாலம் பார்த்துக்கொண்டவர் நாகமுத்து. அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டார். அங்கேயே காய்ச்சல் கண்டு கண்ணை மூடினார். மூடும் முன்னால், "எங்க ராசா கைவிடமாட்டாரு, கப்பலேறிப் போயிடு" என்று மனைவியிடம் சொன்னாராம். அவளும் வந்து கொலுமண்டபத்தில் நின்றாள். மெலாத்தி என்று பெயர். பிறந்த வீட்டில் அவளுக்கென்று யாரும் மிச்சமில்லை.

கருவூலத் தலைவர் எட்டியப்பர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"இவள் நாகமுத்துவின் மனைவிதான் என்பதற்கு என்ன சாட்சி?"

மெலாத்தி தொண்டையைச் செருமினாள். பேசத் தொடங்கும்போது நாகமுத்து செருமுவாரே, அதே செருமல். சபையில் பழைய ஆட்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"அட என்னய்யா, சாட்சியாவது பூச்சியாவது! நீங்கதானா அந்த எட்டியப்பரு? எட்டி பழுத்தாலென்ன, ஈயாதவன் வாழ்ந்தாலென்னன்னு எம் புருசன் தினம் சாப்பாட்டு நேரத்துல சொல்லுவாரு. உங்களை நினைச்சாத்தான் அவருக்குச் சோறே இறங்கும்."

அவளுக்குத் தெரிந்த தமிழெல்லாம் புருஷனிடம் கற்றது. அதில் எது மரியாதை, எது வசவு என்று அவருக்கே தெரியாது. அவளுக்கு எப்படித் தெரியும்? மண்டபம் குலுங்கச் சிரித்தது. முதலில் சிரித்தவர் மருதவாணர். அந்தச் சபையின் வாயாடி, புத்திசாலி, ராஜாவின் தலைவலி.

"மகாராஜா, இவள் நாகமுத்துவோடு குடித்தனம் நடத்தியவள்தான். இந்தப் பேச்சை வேறெங்கும் கற்க முடியாது" என்றார் அவர்.

எட்டியப்பர் சிரிக்கவில்லை. செப்பேட்டைக் கொண்டுவரச் சொல்லிப் படித்தார். ராஜாவின் பாட்டனார் வெட்டிவைத்த சட்டம் அது.

"'கடல் கடந்த ஊரில் நம் காரியமாக உயிர்விட்டவனின் உள்ளூர் மனைவிக்கு ஆயுள் முழுதும் நெல்லும் துணியும் தருக.' கவனியுங்கள்: உள்ளூர் மனைவிக்கு! இவள் அயல்நாட்டுக்காரி. நாளைக் கப்பலிலேயே திரும்பட்டும்."

"திரும்பி எங்கே போவாள்?" என்றார் மருதவாணர்.

"அது சட்டத்தில் இல்லை."

ராஜாவுக்குச் சங்கடம். பாட்டனார் சட்டத்தைத் திருத்தினால் அவர் ஆவியாக வந்து நிற்பார் என்று பயம். அந்தச் சங்கடம் மருதவாணர் மேல் கோபமாகத் திரும்பியது.

"உமக்கு அவ்வளவு இரக்கமா? நாளைக் காலைக்குள் இவளை உள்ளூர்க்காரியாக்கிக் கொண்டுவாரும். முடியாவிட்டால் அதே கப்பலில் நீரும் ஏறும்!"

வீட்டுக்குப் போன மருதவாணருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. விருந்தாளியாக வந்திருந்த மெலாத்தியோ இரண்டாம் முறை ரசம் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

"ஏன்யா மூஞ்சி தொங்குது? உங்களை நம்பித்தானே நான் தைரியமா சாப்புடுறேன்" என்றாள்.

அவர் இலையைத் தள்ளிவைத்தார். அப்போது அவர் மனைவி, "அரண்மனையெல்லாம் இவள் பேச்சுதான். ராணியம்மாவுக்கும் அதைக் கேட்க ஆசையாம்" என்றாள்.

மருதவாணர் விருட்டென்று எழுந்தார். "ஆசையா? அப்படியானால் நாளைக்குத் திரைக்குப் பின்னால் வந்து உட்காரச் சொல்லி அனுப்பு. எனக்குச் சோறு போடு!"

மறுநாள் சபை கூடியது.

"உள்ளூர்க்காரியாக்கிவிட்டீரா?" என்றார் ராஜா.

"ஆக்க வேண்டியதே இல்லை, மகாராஜா. செப்பேட்டில் எந்த ஊர் வருகிறது? கடல் கடந்த ஊர். வேறு ஊர்ப் பேச்சே அதில் கிடையாது. அந்த ஊருக்கு இவள் உள்ளூர்க்காரி. ஊர்விட்டு ஊர் போனவர் நாகமுத்துதானே?"

ராஜாவின் மீசை துடித்தது. சிரிப்பு வரப்போகிறது என்று அர்த்தம். எட்டியப்பர் பதறி எழுந்தார்.

"விதண்டாவாதம்! உள்ளூர் என்றால் இந்த மண்ணில் பிறந்தவள்!"

மருதவாணர் காதில் கையை வைத்தார். "சரியாகக் கேட்கவில்லையே, ஐயா."

"வேறு நாட்டில் பிறந்தவள் இங்கே யாருக்கு வாழ்க்கைப்பட்டால் என்ன?"

"இன்னும் கொஞ்சம் உரக்க…"

எட்டியப்பர் அடிவயிற்றிலிருந்து கத்தினார். "எத்தனை வருஷம் வாழ்ந்தாலும், எத்தனை பிள்ளை பெற்றாலும், அயலாள் அயலாள்தான்! புருஷன் போனால் அவளும் போகவேண்டியதுதான்!"

திரைக்குப் பின்னால் வளையல்கள் குலுங்கின. ராஜாவின் முகம் வெளுத்தது. மலையாள தேசத்திலிருந்து மாலையிட்டு வந்தவர் ராணி. வந்து இருபது வருஷமாகியும் கோபம் வந்தால் மட்டும் தாய்மொழி எட்டிப்பார்க்கும்.

"எட்டியப்பரே," என்றது உள்ளிருந்து ஒரு குரல், "எனிக்கு எப்போள் போகணம்? எனிக்கும் கப்பலோ, பல்லக்கோ?"

எட்டியப்பர் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தார். ஆசனம் அங்கே இல்லை.

ராஜா சிம்மாசனத்திலிருந்து துள்ளி எழுந்தார். "மருதவாணர் படித்ததுதான் சரி! பாட்டனார் மனதில் இருந்ததும் அதுதான்! நெல் கொடுங்கள், துணி கொடுங்கள், குடியிருக்க வீடும் கொடுங்கள்! இன்றே! இப்போதே!"

மெலாத்திக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "நல்லாயிருடா ராசா!" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். சபை மூச்சைப் பிடித்துக்கொண்டது. ராஜா அந்த 'டா'வை ஆசீர்வாதக் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டார்.

சபை கலைந்ததும் அவர் மருதவாணரை ஓரமாக இழுத்தார்.

"ஏனய்யா, நான் சாகும் பேச்சை என் ராணி காதில் போட உமக்கு எத்தனை துணிச்சல்!"

"நானா? ராணியைப் பற்றி ஒரு வார்த்தை பேசினேனா, மகாராஜா? கருவூலத் தலைவர் குரல் கம்மியிருக்கிறதே என்று கொஞ்சம் உரக்கச் சொல்லச் சொன்னேன். அவ்வளவுதான்!"

ராஜா சிரித்த சிரிப்பில் கழுத்து மாலை அறுந்து முத்துக்கள் தரையெங்கும் உருண்டன.

"பொறுக்கினதெல்லாம் உமக்கு!" என்றார்.