எட்டுக் குழாயும் ஒற்றை வாசலும்

கோரமங்கலம் என்று ஒரு தேசம் இருந்ததாம். அதை ஆண்ட சண்டப்பிரதாப ராஜாவுக்கு நினைத்தது நினைத்த நேரத்தில் நடக்க வேண்டும். அவருடைய சபா மண்டபக் கூரையிலிருந்து கொட்டுகிற மழைத்தண்ணீர் சுவரை அரித்துத் தின்றுகொண்டிருந்தது. கூரையோரம் தண்ணீரை ஏந்திக்கொள்ளச் செப்புத் தூம்பு வைத்துக் கீழே குழாய் இறக்க என்னென்ன வேண்டும் என்று கணக்குக் கேட்டு, செம்புப் பட்டறை மங்காத்தாளுக்கு ஆள் அனுப்பினார்.

அவள் கயிறு போட்டுச் சுற்றளவு எடுத்தாள். தூம்பு இருநூறு முழம், இறக்கக் குழாய் எட்டு என்றாள்.

அரண்மனை மராமத்து அதிகாரி பராங்குசருக்கு வயிறு பற்றி எரிந்தது. பின்னே, தன்னை விட்டுவிட்டு ஒரு பட்டறைக்காரியைக் கேட்டால்? ஒரே தூம்பில் ஓடுகிற தண்ணீருக்கு ஒரு குழாய் தாராளம், மிச்சச் செம்பைச் சுருட்டத்தான் எட்டு கேட்கிறாள் என்று ராஜாவிடம் மூட்டிவிட்டார். ராஜாவுக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. யார் கணக்கு தப்போ அவர் இன்றோடு தொழிலை விட வேண்டும் என்றுவிட்டார்.

பட்டறையை விட்டால் மங்காத்தாளுக்குக் கஞ்சிக்கு வழியில்லை, பாவம். மழை பெய்தால் உண்மை தெரிந்துவிடும். ஆனால் அதுவோ சித்திரை மாதம், வெயில் மண்டையைப் பிளக்கிறது.

மண்டபத்துக்கு எட்டு வாசல். அவள் சுற்றிலும் பார்த்தாள். ஏழு வாசலை மூடிவிட்டு, விருந்து தயார் என்று அறிவிக்க உத்தரவு கேட்டாள். ராஜாவும் தலையாட்டினார்.

அவ்வளவுதான், சபையில் கூடியிருந்த முந்நூறு பேரும் அந்த ஒற்றை வாசலுக்குப் பாய்ந்தார்கள். முதலில் ஓடிய பராங்குசர் வாசல் நிலையில் தொந்தி சிக்கி நின்றுவிட்டார். பசி பொறுக்காத ராஜாவும் நடுவில் மாட்டிக்கொண்டு வழி விடச் சொல்லிக் கத்தினார். யார் காதில் விழுந்தது?

"மகாராஜா, மழையும் இப்படித்தான் மொத்தமா வரும்," என்றாள் மங்காத்தாள். "ஒத்தைக் குழாய்ல போக முடியாம, பிதுங்கி உங்க சுவர் மேலதான் வழியும்."

ஏழு வாசலையும் திறந்ததும் மண்டபம் கண்மூடித் திறப்பதற்குள் காலியானது. ராஜா கசங்கிய பட்டு அங்கவஸ்திரத்தை உதறினார்.

"எட்டுக் குழாயே போடு. இனி மராமத்து அதிகாரியும் நீதான்," என்றார்.

பராங்குசர் முகத்தில் ஈயாடவில்லை. மங்காத்தாளோ, பட்டறை உலைக்குத் துருத்தி ஊத ஆள் வேண்டும் என்று அவரையே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் பட்டறையில் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லையாம். "என்ன ஐயா, நாலு தடவைக்கே மூச்சு வாங்குது? ராஜாகிட்ட என்னைப் பத்திப் பேசினப்போ வாங்கலையே?"